பாதி விழுந்த அடி

முதல் அடி மருத்துவச்சி சின்னாத்தாளுக்கு. அவள் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அதற்காக விட்டுவிட முடியுமா, என்னைப் பூமியில் இழுத்துப் போட்ட கையோடு "இது தேறாது, தாயைப் பாருங்க" என்று சொல்லி முறத்தில் கிடத்திவிட்டுப் போனவள், என் ஆத்தா இதைச் சொல்லிச் சொல்லி நானே காதால் கேட்டதுபோல ஆகிவிட்டது. தேறாதது தேறி, தலை நரைத்து, இதோ நாயக்கர் அரண்மனைச் சபாமண்டபத்தில் இடது கையில் சேகண்டித் தட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு வலது கையில் அதை அடிக்கிற கொட்டாப்புளியோடு நிற்கிறது. இரண்டாவது அடி என் அண்ணன் கருத்தமாயனுக்கு. காளையின் கொம்பிலிருந்து துணியை அவிழ்த்தவன் நான், ஊர் முன்னால் அதைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றவன் அவன். கேட்டால் "நீதானடா என் கையில குடுத்தே" என்பான், பிடித்துக்கொள்ளக் கொடுத்தேன், கட்டிக்கொள்ளவா கொடுத்தேன். ணங் என்று சத்தம் தூண் தூணாக ஓடித் திரும்புகிறது, முன்னால் உட்கார்ந்திருக்கிற எங்கள் பாளையக்காரர் மகள் அம்மணியின் முதுகு அசையவில்லை. எனக்கு எண்ணத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம், நூறு வரைக்கும் வாயால் சொல்லுவேன். ஆனால் நின்றபடியே, எட்டுப் பேர் எட்டு விதமாகப் பேசுகிற இடத்தில், இருபதும் இருபத்தொன்றும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிவிடும். ஆட்கள் வழுக்க மாட்டார்கள். எனக்குக் கெடுதல் செய்தவர்கள் முப்பத்தாறு பேர், நேற்றுவரை முப்பத்தைந்து, நேற்று ஒருவர் வந்து சேர்ந்தார். எல்லாரும் எனக்குள் காலவரிசைப்படி நிற்கிறார்கள், ஒரு அடிக்கு ஒருவர், ஒருவரை விட்டு அடுத்தவருக்குப் போக என் மனசு விடாது. பயிற்சி நாட்களில் வரிசையில் பாதியிலோ முக்காலிலோ நிறுத்திவிடுவேன். இன்றைக்கு முழு வரிசையும் அடித்துத் தீர்ப்பது என்று வந்திருக்கிறேன். மூன்றாவது என் மாமனாருக்கு, கல்யாணத்தன்று கிழிந்த இலையில் எனக்குச் சோறு போட்டவர்.

இந்தக் கூத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களையும் வரிசையில் சேர்த்திருப்பேன், பெயர் தெரியவில்லை. அவதானம் என்கிறார்கள். அம்மணி நடுவில் உட்கார வேண்டும், சுற்றி ஆறு பண்டிதர்கள். ஒருவர் பாட்டில் ஓர் அடி கொடுப்பார், மீதி மூன்றையும் அவள் கட்ட வேண்டும். ஒருவர் இன்ன எழுத்து வரக்கூடாது என்பார். ஒருவர் வீணையைத் தொட்டுவிட்டு ராகம் என்ன என்பார். ஒருவர் சதுரங்கக் காயை நகர்த்திவிட்டு மீசையை முறுக்குவார். இவர்கள் போதாதென்று சரபய்யா என்று ஒரு வாயாடி, அரண்மனைச் சம்பளத்துக்கு இருக்கிறவன், நடுநடுவே புகுந்து கண்டதையும் பேசி அவள் நினைப்பைக் கலைக்க வேண்டும், அவள் அதற்கும் முகம் கோணாமல் பதில் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் நடுவே பின்னால் நின்று நான் நினைத்தபோது நினைத்த இடைவெளியில் சேகண்டியை அடிப்பேன். கடைசியில் எல்லாப் பாட்டையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, எத்தனை அடி விழுந்தது என்றும் அவள் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பெரிய ராணி கையால் பொன் எழுத்தாணி கொடுப்பார், சபையில் ஆசனம் கொடுப்பார். எழுத்தாணி வாங்கிய பெண் அதற்குப் பிறகு அரண்மனையைச் சேர்ந்தவள், பெற்ற தகப்பன் கூப்பிட்டாலும் அனுப்ப மாட்டார்கள். தப்பினால் மஞ்சள் குங்குமமும் ஒரு சேலையும் கொடுத்துப் பல்லக்கில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அடியை எண்ணி எழுத முன்பு ஒரு கணக்கப்பிள்ளையை உட்கார வைத்திருந்தார்களாம், அவன் யாரிடமோ கைநீட்டி எண்ணிக்கையை மாற்றி எழுதிவிட்டானாம். அன்றிலிருந்து ராணி ஒரு வழக்கம் வைத்தார். அடிக்கிறவன் எழுத்தறியாதவனாக இருக்க வேண்டும், அடித்தவன் வாக்கே வாக்கு. எழுத்தறியாதவனுக்குச் சூது தெரியாது என்று இங்கே எல்லாருக்கும் அவ்வளவு நம்பிக்கை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொட்டாப்புளியை யார் தலையிலாவது போடலாம்போல இருக்கும். பதினோராவது, வேட்டையில் நான் குத்திய பன்றியைத் தான் குத்தியதாகச் சொன்ன சடைச்சியின் மகன். ணங்.

சூதைப் பற்றித்தான் நேற்று வீரணன் வந்து பேசினான். ஏழுசுனைப் பாளையத்திலிருந்து பல்லக்கோடும் ஆட்களோடும் வந்திருக்கிறான், அம்மணியின் தகப்பனார் திம்மு நாயக்கர் அனுப்பியிருக்கிறார். யானைக் கொட்டாரத்துக்குப் பின்னால் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "என்னண்ணே, இங்க வந்து நல்லா வெளுத்துட்டீரு, அரண்மனை நெய்யா?" என்றான். நெய். கழுநீரில் கூட இங்கே நெய் மிதக்கும், எனக்கு வருவது கேழ்வரகுக் கூழ்தான், அதுவும் ஆறிப்போய். "சொல்லவந்ததைச் சொல்லுடா" என்றேன். "நாயக்கர் சொல்லிவிட்டாரு. நாளைக்கு அம்மணி எத்தனைன்னு சொன்னாலும் நீரு 'இல்லை'ன்னு ஒத்த வார்த்தை சொன்னாப் போதும். புள்ளை ஊரு வந்து சேந்துரும். காரிக்கோட்டை பொம்மு நாயக்கருக்குப் பேசி முடிச்சாச்சு. ரெண்டு பாளையத்துக்கும் நடுவில கிடக்கிற கம்மாய்ச் சண்டையும் தீந்துரும்." பிறகு காதோடு, "அம்மணிகிட்டச் சொல்லாதீரு. புள்ளைக வெக்கப்படும்" என்றான். நான் கேட்டேன், என்னைப் பற்றி நாயக்கர் ஏதும் விசாரித்தாரா என்று. அவன் யோசித்துப் பார்த்தான், நிஜமாகவே யோசித்தான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "உம்மைப் பத்தி ஒண்ணும் சொல்லலைண்ணே" என்றான். பத்து வருஷம். எட்டு வயதுப் பிள்ளையை, கப்பம் கட்டத் தவறமாட்டோம் என்பதற்குப் பிணையாகவும், கூடவே நாலெழுத்துப் படித்து வரட்டும் என்றும் இங்கே அனுப்பினார், துணைக்கு ஈட்டிக்காரனாக இருந்த என்னைப் போகச் சொன்னார். போ என்றார், போனேன். ஒன்றும் சொல்லவில்லையாம். முப்பத்தாறாவது ஆள் அப்படித்தான் வந்து நின்றார். ஆனாலும் நான் வீரணனிடம் சரி என்றேன். எனக்கும் போகத்தான் வேண்டும், அம்மணி போனால்தான் நானும் போக முடியும். என் பொண்டாட்டி பேயக்காள் அவனிடம் சொல்லிவிட்டிருக்கிறாள், "வந்தா வரச் சொல்லு, வராட்டிப் போகச் சொல்லு, நடுவில நிக்கச் சொல்லாதே" என்று. அவள் வாய் அப்படி. அவள் வரிசையில் நாலு இடத்தில் இருக்க வேண்டியவள், ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். பதினேழு. அவளுக்கு அடித்தாயிற்று.

பொய் சொல்லத்தானே போகிறாய், பின் எதற்கு எண்ணுகிறாய் என்று நடுவில் ஒரு நினைப்பு வருகிறது. வரட்டும். "இல்லை" என்று சொல்ல எண்ண வேண்டியதில்லைதான், அவள் என்ன சொன்னாலும் இல்லை. ஆனால் கை தானாக அடிக்கிறது, மனசு தானாக ஆளைத் தள்ளுகிறது, செக்குமாட்டை அவிழ்த்துவிட்டாலும் சுற்றித்தான் வரும். காலையில் இங்கே வரும் வழியில் அம்மணி ஒரு நிமிஷம் நின்றாள். வெண்பட்டு, நெற்றியில் ஒரு கீற்று, நகை அதிகம் இல்லை. "ஒச்சப்பா, இன்னைக்கு நினைப்பை வேற எங்கயும் விடாதே. என்னை நினைச்சே அடி" என்றாள். எவ்வளவு திமிர் பாருங்கள். நான் எதை நினைத்து அடிக்கிறேன் என்று இவளுக்கு என்ன தெரியும். சொன்னதாலேயே நினைப்பு ஓடுகிறது, சிந்தாதே என்று சொல்லிக் கொடுத்தால் சிந்தத்தான் சிந்தும். பண்டிதர்களில் ஒருவர், வடக்கேயிருந்து புதிதாக வந்தவர், தாடியைத் தடவிக்கொண்டு அவளிடம் நாலு சொல்லைக் கொடுக்கிறார், நாலும் ஒட்டாத சொல், யானை, ஊசி, உப்பு, நிலா என்று ஏதோ. அவள் கண்ணை மூடுவதுகூட இல்லை. "முதல் அடியை இப்போது தருகிறேன், மற்றதைச் சுற்று வரும்போது தருகிறேன்" என்று தெலுங்கில் சொல்கிறாள். இந்தப் பாழாய்ப்போன தெலுங்கும் எனக்குப் புரியத் தொடங்கிவிட்டது. இருபத்துநாலு. கோவில் கொடையில் என்னைப் பந்தியிலிருந்து எழுப்பிய பூசாரி.

முப்பதாவது கோனேரி ஆசாரியாருக்கு. இவருக்கு அடிப்பதற்கென்றே கையில் கொஞ்சம் பலத்தை மிச்சம் பிடித்து வைத்திருந்தேன், ணங் என்று விழுந்ததில் வீணைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஆசாரியார் அம்மணிக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பெருமையில் உப்பிக்கொண்டிருக்கிறார், அவர் செய்த பதுமை அல்லவா. அவர் பாடம் சொல்லும் இடத்தில் ஒரு திரை தொங்கும், திரைக்கு உள்ளே அம்மணி, வெளியே அவர், அவர் பக்கத்தில் நான். முதல் நாளே கேட்டார், "பாளையக்காரர் பெண்ணை நான் கைநீட்டி அடிக்க முடியாது. அடிக்காமல் சாஸ்திரம் ஏறாது. கூட வந்தவன் யார்?" நான்தான் என்றேன். "கையை நீட்டுடா" என்றார். நான் ஏதோ கொடுக்கப்போகிறார் என்று இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். புளியம்பிரம்பு. அவள் உள்ளே ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் வெளியே என் உள்ளங்கையில் ஓர் அடி. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்க வேண்டும், அதுதான் பாடம். ஈட்டி பிடித்துக் காய்த்த கைதான், இருந்தாலும் கை. ஒரு மழைக்காலம் முழுக்க அவள் விருத்தத்தில் தடுக்கி விழுந்தாள், என் கையில் சோறு பிசைய முடியவில்லை. என்னென்ன சொல்லிக் கொடுத்தார்கள், கேட்டால் சிரிப்பு வரும். பாட்டு, வீணை, வடமொழி, ஓலையில் எழுத்து, யானைக்கு லட்சணம், தூதன் வந்தால் எந்தப் படியில் நிற்க வேண்டும், வெற்றிலையை எந்தப் பக்கத்துக் கன்னத்தில் அடக்க வேண்டும். பல் தெரியாமல் சிரிப்பதற்கென்று ஒரு தாதி தனியாக வந்து ஒரு மாதம் பாடம் எடுத்தாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் சிரித்தால் கடைவாய்ப் பல் தெரியும். அது தப்பாம். அதற்கும் எனக்கு அடி விழுந்தது.

முப்பத்தொன்றாவது அம்மணி. ஆமாம், அவளும் வரிசையில் இருக்கிறாள், ஆசாரியாருக்கு அடுத்ததாக. அவளுக்கு ஒன்பது வயது, நன்றாகத் தெரிந்த பாட்டு, முந்தினநாள் முழுக்கக் குதிரைலாயத்தில் என்னிடம் பாடிக் காட்டிய பாட்டு, திரைக்குள்ளிருந்து வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாள். பிரம்பு விழுந்தது. மறுபடியும் தப்பாகச் சொன்னாள், மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது, அப்போது அவள் இன்னும் பல் தெரியாமல் சிரிக்கக் கற்றிருக்கவில்லை. நிஜமாகவே அடிக்கிறார்களா என்று பார்த்திருக்கிறாள். அப்புறம் திரை விலகியது, என் கையைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாளையக்காரர் மகள் ஈட்டிக்காரனிடம் என்ன சொல்லுவாள். அன்றைக்குப் பிறகு அவள் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆசாரியாரின் பிரம்பு சுவரில் தொங்கி எறும்பு ஏறியது. ராவும் பகலும் ஓலையும் கையுமாக உட்கார்ந்து அப்படி ஒரு வெறி. தான் பெரியவள் என்று காட்டத்தான், வேறென்ன. நான் கையை மறந்தாலும் சிரிப்பை மறக்கவில்லை. கொட்டாப்புளியை ஓங்கினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சரபய்யா வாயைத் திறந்தான். "அம்மணி, உங்க மலையில பொண்ணுங்க மரமேறுவாங்களாமே?" என்று ஆரம்பித்தான். அவள் ஒரு பண்டிதருக்குப் பாட்டின் மூன்றாம் அடியைச் சொல்லி முடித்துவிட்டு, "ஏறுவாங்க. கீழ நின்னு பேசுறவங்களுக்குப் பழமும் போடுவாங்க, கொட்டையும் போடுவாங்க" என்றாள். சபை சிரித்தது. அவன் விடவில்லை, அது அவன் பிழைப்பு. "அதிருக்கட்டும், வாசல்ல பல்லக்கு வந்திருக்கே, கல்யாணப் பல்லக்குன்னு கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை காரிக்கோட்டை துரை, வயசு கொஞ்சம் கூடுதலாமே. பல்லாவது இருக்கா?" என்றான். என் கை காற்றில் நின்றது. இவனுக்கு யார் சொன்னது. வீரணன் பயல்தான் கள்ளுக்கடையில் உளறியிருப்பான். அவளுக்குத் தெரியக்கூடாதென்றார்களே, சபை நடுவில் போட்டு உடைக்கிறானே, இப்போது பிள்ளை தடுமாறப்போகிறாள், பாட்டு போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்குப் பதறியது, நான் ஏன் பதற வேண்டும், அவள் தவறினால் எனக்குத்தானே நல்லது. அவள் தடுமாறவில்லை. சதுரங்கத்தில் ஒரு காயை நகர்த்தினாள். "பல்லெல்லாம் இருக்கு. அதுதான் பயம்" என்றாள். சபை இதற்கும் சிரித்தது, பெரிய ராணிகூட மேலாக்கை வாயில் வைத்துக்கொண்டார். என் கை இறங்கிவிட்டது. அடித்தேனா, விழுந்ததா, தெரியவில்லை, கொட்டாப்புளி தட்டின் ஓரத்தில் உரசிக்கொண்டு போனது, ஒரு சத்தமும் இல்லாமலும் இல்லை, சத்தம் என்று சொல்லவும் முடியாது.

பல்லெல்லாம் இருக்கு, அதுதான் பயம். இதை எங்கே கேட்டாள். என்னிடம்தான் கேட்டாள், வேறு எங்கே. இங்கே வந்த வழியில், வண்டிக்குள் அவள் ஓயாமல் அழுதபோது, வேடிக்கை காட்டுவதாக நினைத்து நான்தான் சொன்னேன். காரிக்கோட்டைக்கு நாயக்கரோடு வேட்டை விருந்துக்குப் போனதை, பொம்மு நாயக்கரின் இரண்டாவது சம்சாரம் மோர் கொண்டுவந்து வைத்ததை. கோடை, வெயில் கல்லைப் பிளக்கிறது, அந்த அம்மாள் மணிக்கட்டு வரைக்கும் துணியைச் சுற்றியிருந்தாள். செம்பை வைக்கும்போது துணி நழுவியது. பல் தடம், ஆட்டை ஓநாய் கவ்வினால் விழுமே அந்த மாதிரி வட்டமாக, ஒன்று பழுத்து ஆறியது, ஒன்று புதிது. "எங்க துரைக்குக் கோவம் வந்தா நாய்கூடக் கட்டை அறுத்துக்கிட்டு ஓடிரும்" என்று பக்கத்தில் நின்ற காரிக்கோட்டையான் ஒருவன் பெருமையாகச் சொன்னான். முதல் சம்சாரம் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்பார்கள், தண்ணீர் எடுக்கப் போகிற வழக்கமில்லாத பெரிய வீட்டுப் பெண் கிணற்றடிக்கு எதற்குப் போனாள் என்று யாரும் கேட்டதில்லை. நான் வண்டியில் அம்மணியிடம் சொன்னது நாய் ஓடுகிற கதையைத்தான், நாயைப்போலக் கடிக்கிற துரை என்று பல்லைக் காட்டிக் காட்டி, அவள் அழுகையை நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதில் கேட்டதைப் பதினெட்டில் வைத்திருக்கிறாள். பாட்டையும் வடமொழியையும் வைத்திருப்பாள் என்று தெரியும், நான் வண்டியில் உளறியதையும் வைத்திருப்பாள் என்று யாருக்குத் தெரியும். சே. நேற்று வீரணன் சொன்னபோது எனக்கு ஏன் இது நினைவுக்கு வரவில்லை. வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டு, பேயக்காள் வைக்கும் கருவாட்டுக் குழம்பை நினைத்துக்கொண்டேன். பெரிய இடத்து விஷயம், நமக்கென்ன, அவர்கள் வீட்டுப் பெண், அவர்கள் வீட்டுப் பல். வடக்குப் பண்டிதர் என்னை உற்றுப் பார்க்கிறார், என்னய்யா நின்றுவிட்டாய் என்பதுபோல. அடி, ஒச்சப்பா, அடி. முப்பத்திரண்டு, உப்பில்லாத கூழ் ஊற்றும் சமையற்கட்டு ராமக்காள். அதிகமாகவே பலமாக விழுந்துவிட்டது. முப்பத்துமூன்று யானைப்பாகன். முப்பத்துநாலு இந்தச் சரபய்யா, எப்போதோ என் நடையைச் செய்துகாட்டிச் சிரிக்க வைத்தவன், இன்றைக்கு இன்னொரு அடி அதிகமாக வைக்கலாம், வைத்தால் வரிசை கெடும். முப்பத்தைந்து குதிரைலாயத்து மல்லப்பன். கொஞ்சம் விட்டு, கைவலியை உதறி, கடைசியாகத் திம்மு நாயக்கருக்கு. ஒன்றும் சொல்லவில்லையாம். ணங்.

அவள் பாட்டுகளைச் சொல்ல ஆரம்பித்தாள். யானையும் ஊசியும் உப்பும் நிலாவும் எப்படியோ ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டன, பண்டிதர்கள் தலையை ஆட்டினார்கள், ஒருவர் "பேஷ்" என்றார், ஆசாரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சதுரங்கக்காரர் தன் ராஜாவைச் சாய்த்து வைத்தார். "அடிகள்?" என்று ராணி கேட்டார். "முப்பத்தாறு" என்றாள் அம்மணி. உடனே வடக்குப் பண்டிதர் கையைத் தூக்கினார். மடியைப் பிரித்துக் காட்டினார், உள்ளே கொட்டைப்பாக்கு. "நானும் ஓர் அடிக்கு ஒரு பாக்கு என்று எடுத்து வைத்தேன், பரீட்சை என்றால் பரீட்சையாக இருக்க வேண்டும் அல்லவா. முப்பத்தைந்துதான்" என்றார். எழுந்த முணுமுணுப்பு அவள் பேசியதும் அடங்கியது. "பண்டிதர் சொல்வதும் சரிதான். அதில் ஒன்று பாதி அடி. சரபய்யா கல்யாணத்தைப் பற்றிக் கேட்டபோது விழுந்தது. முழுசாக விழவில்லை. எனக்குக் கேட்டது, நான் சேர்த்துக்கொண்டேன்." பண்டிதர் சிரித்தார், "பாதி அடியை நான் எப்படியம்மா பாக்கில் வைப்பது?" ஆசாரியார் வியர்த்துக்கொண்டிருந்தார். "வழக்கம் இருக்கிறதே, அடித்தவன் வாக்கே வாக்கு" என்றார். ராணி என் பக்கம் திரும்பினார். எல்லாத் தலையும் திரும்பியது. பத்து வருஷத்தில் இந்த மண்டபம் என்னைத் திரும்பிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. வாசல் பக்கம் தூணோரம் வீரணன் நிற்பது தெரிந்தது, தாடையை மெல்ல ஆட்டுகிறான், சொல்லும், சொல்லும் என்று. அம்மணி மட்டும் திரும்பவில்லை. அவள் முதுகு அப்படியே இருந்தது.

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை, அதற்குத்தானே வந்தேன். இல்லை. அது பொய்கூட இல்லை, இன்னொருவர் மடியில் பாக்கு சாட்சியாக இருக்கிறது. உரசியதெல்லாம் ஓர் அடியா, குழந்தைகூடச் சிரிக்கும். இல்லை என்றால் நாளைக் காலை பல்லக்குக்குப் பின்னால் நடந்துகொண்டிருப்பேன், கம்பு அறுப்புக்கு முன்னால் ஊர், சூடாகச் சோறு, பேயக்காளின் வாய். ஆனால் அந்த அடி யாருடையது. அது அவளுடைய அடி. என் வரிசையில் முப்பத்தொன்றாவது ஆள் அவள், அவளுக்கு ஓங்கியதுதான் உரசிக்கொண்டு போனது. அந்த அடி இல்லை என்றால் அவள் வரிசையில் இல்லை, அவள் சிரித்ததை விட்டுவிட்டேன், மன்னித்தாயிற்று, மன்னித்து நேரே காரிக்கோட்டைப் பல்லுக்கு அனுப்பியாயிற்று. உண்டு என்றால் அவள் வரிசையிலேயே நிற்கிறாள், என் கோபம் தீரவில்லை, அவளுக்கு எழுத்தாணி, எனக்குச் சாகிறவரைக்கும் ஆறிய கூழ். மன்னித்தால் அவளுக்குக் கேடு, மன்னிக்காவிட்டால் எனக்குக் கேடு. இப்படி ஒரு கணக்கை எந்த மடையன் மனுஷன் தலையில் கட்டுவான். எனக்கு எல்லார் மேலும் எரிச்சலாக வந்தது, பாக்கு எண்ணிய பண்டிதர் மேல், தாடையை ஆட்டும் வீரணன் மேல், கேட்காத சத்தத்தைக் கேட்டுத் தொலைத்த இவள் மேல். அத்தனை பேர் பேச்சுக்கு நடுவில், பாட்டுக்கும் ராகத்துக்கும் நடுவில், என் கை தடுமாறியதை இவள் கேட்டிருக்கிறாள். அதைச் சேர்க்காமல் முப்பத்தைந்து என்று சொல்லியிருந்தால் எனக்கு இந்தத் தொல்லையே இல்லை. "என்ன ஒச்சப்பா, அந்த அடி உண்டா இல்லையா?" என்று ராணி கேட்டார்.

"உண்டு" என்றேன். மறுபடி சொன்னேன். "உண்டு தாயே. அடிக்கணும்னுதான் ஓங்குனேன். பட்டுச்சு. பாதியா இருந்தாலும் அது ஒரு ஆளு." "ஆளா?" என்று ராணி கேட்டார். "அடி தாயே, அடி" என்றேன். பண்டிதர் பாக்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "வழக்கம் என்றால் வழக்கம்தான்" என்றார். ஆசாரியார் சபையைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து, "எழுத்தறியாதவன் வாயில் பொய் வராது என்று நான் எப்போதும் சொல்வேனே" என்றார். அந்த மனுஷனுக்கு இன்னோர் அடி ஒதுக்கி வைக்க வேண்டும். வீரணன் தூணைவிட்டு நகர்ந்து போனான், போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது, அவனும் ஒரு வரிசை வைத்திருக்கிறான், அதில் இன்று முதல் நானும் நிற்கிறேன். எழுத்தாணி வந்தது, தட்டு வந்தது, பூ வந்தது. அம்மணி எழுந்து ராணியைக் கும்பிட்டாள், ஆசாரியார் காலில் விழுந்தாள், பண்டிதர்களைச் சுற்றி வந்தாள். என் அருகே வந்தபோது நடையைக் குறைத்தாள், முகத்தைத் திருப்பவில்லை, சபைப் பெண்கள் வழியில் நின்று வேலைக்காரரோடு பேசக்கூடாது, அதுவும் ஒரு பாடம். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி எங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டாள், "கை ரொம்ப வலிக்குதா ஒச்சப்பா?" சேகண்டியை அடித்த கையைக் கேட்கிறாளா, பிரம்பு வாங்கிய கையைக் கேட்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை, இரண்டும் ஒரே கைதான். "வலிக்காம என்ன செய்யும், போங்க அம்மணி, போய் ஆக வேண்டியதைப் பாருங்க" என்றேன். அவள் சிரித்தாள், கடைவாய்ப் பல் தெரிந்தது, சட்டென்று மூடிக்கொண்டு போய்விட்டாள். ஒன்பது வருஷம் கழித்துக் கேட்கிறாள். அதற்கும் ஓர் அடி வைத்துக்கொண்டேன்.